முட்டை ஓட்டுக்கும் தீனி வேண்டும்!

முட்டையைப் பற்றி எழுதச் சொன்னால் நம் பெண்களுக்கு விஷயத்துக்குப் பஞ்சமே கிடையாது. அவிப்பதில் ஒரு பக்குவம், பொரிப்பதில் ஒரு பக்குவம், குழந்தைக்கு மஞ்சள் கருவை எந்த மாதத்தில் ஊட்டலாம் என்பதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரு விவாதம்! ஆனால் ஓடு? உடைத்த கையோடு குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது. மிஞ்சிப்போனால் ரோஜாச் செடியின் அடிக்கு. அந்த ஓட்டைச் செய்ய ஒரு கோழி என்ன பாடு படுகிறது என்பதைப் போன வருஷம்தான் எங்கள் மதினி வீட்டில் நேராகப் பார்த்தேன். கோழி வளர்க்கிற சகோதரிகளுக்குப் பயன்படும். வளர்க்காதவர்களும் படிக்கலாம், நடுவிலே பிள்ளை பெற்ற பெண்ணைப் பற்றிய விஷயமும் வருகிறது.

மதினி இருப்பது கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு கரிசல் கிராமம். என் பிறந்த வீடும் அதுதான். அண்ணனுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. மழை பெய்தால் உளுந்தும் பாசியும் வீடு வந்து சேரும், பெய்யாவிட்டால் கடன்தான் வந்து சேரும். இளையவன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவனுக்கு பஸ் செலவு, பீஸ், நோட்டு எல்லாமே மதினியின் கோழி முட்டைக் காசில்தான் நடக்கிறது. எட்டுக் கோழிகள். சாதாரண நாட்டுக்கோழி இல்லை. ஹைதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய ‘கிராமப்பிரியா’ என்ற இனம். நம் நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். வருஷம் முழுக்கக் கூட்டினாலும் அறுபது, எழுபது முட்டைதான் தேறும். கிராமப்பிரியா அடைக்கு உட்காருவது அபூர்வம். நன்றாகக் கவனித்தால் வருஷத்துக்கு 200 முட்டை வரை இடும். எட்டுக் கோழியில் வாரத்துக்கு முப்பது முட்டைக்குக் குறையாது. ஒன்று 15 ரூபாய் என்று தெருவிலேயே விற்றுப்போகும்.

ஐப்பசி மாதம் ஒரு நாள் மதினியிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை.

“கோழிக்கு என்னமோ ஆயிட்டும்மா. முட்டையைக் கையில எடுத்தா பலூன் மாதிரி அமுங்குது. எல்லாம் தோல்முட்டை. நேத்து நாலுல ரெண்டு அப்படித்தான். வெள்ளைக்கோழி ஒண்ணு காலை ஊனவே மாட்டேங்குது. கண்ணு பட்டுட்டுன்னு எதிர்வீட்டுப் பெரியம்மா சொல்லுதாக. கறிக்கடைக்காரன் எட்டையும் சேத்துக் கேட்டுட்டுப் போயிருக்கான். குடுத்திரலாம்னு பாக்கேன்.”

எட்டையும் கறிக்கடைக்குக் கொடுத்தால் வருகிற பணம் எத்தனை நாளைக்கு? பிள்ளையின் அடுத்த பருவத்துப் பீஸுக்கு என்ன செய்வாள்? இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். சித்தப்பா கால்நடை மருந்தகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோழிக்கு ஊசி மருந்து ஏதாவது எடுத்து வருவார் என்று பார்த்தால், வெறுங்கையோடு வந்தார். வந்தவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“கோழியை எப்பம்மா அடைச்ச?”

“புரட்டாசிக் கடைசியில மாமா. விதைப்பு தொடங்கிட்டுல்லா. காட்டுல கோழி இறங்கினா சண்டைக்கு வாராக.”

எங்கள் பக்கம் இது வழக்கம். விதைப்பு முடிந்து பயிர் தலையெடுக்கும் வரை கோழியை வெளியே விடக்கூடாது. போட்ட விதையை எல்லாம் கிளறித் தின்றுவிடும். நாட்டுக்கோழிக் காலத்தில் அதனால் பெரிய கெடுதல் வந்ததில்லை. அது பாதி நாள் அடையில் உட்கார்ந்திருக்கும், அல்லது குஞ்சோடு திரியும்.

சித்தப்பா கொல்லைப்புறம் போய் வரப்பைக் காலால் எத்தினார். கறுப்பு மண்ணுக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாய்ச் சின்னக் கற்கள் உதிர்ந்தன. சுக்காங்கல். கரிசலில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டாம். கிணறு தோண்டினால் கரிசலுக்கு அடியில் சுக்கான்தான் வரும். எங்கள் மண் சுண்ணாம்புச் சத்து நிறைந்த மண். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-லிருந்து இந்த மண்ணோடுதான் பழகிக்கொண்டிருக்கிறது.

“இந்தா, இதுதான் உன் கோழிக்கு முட்டை ஓடு. காட்டுல மேயும்போது இதையும், செத்த நத்தை ஓட்டையும் தானாப் பொறுக்கித் தின்னுக்கிட்டிருந்தது. அடைச்சதும் அது நின்னு போச்சு. முட்டை மட்டும் நிக்கல” என்றார் சித்தப்பா.

பிறகு திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

55 கிராம் எடையுள்ள முட்டையில் ஓடு மட்டும் ஐந்தரை கிராம் இருக்கும். அதில் 100-க்கு 95 பங்கு கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் எதுவோ அதுவேதான். சுத்தமான கால்சியமாகக் கணக்கிட்டால் ஓட்டுக்கு 2 கிராம். நமக்கு, வயது வந்த ஒரு பெண்ணுக்கு, நாள் முழுதும் தேவைப்படுகிற கால்சியமே 1 கிராம்தான்! ஒன்றரை, இரண்டு கிலோ எடையுள்ள ஒரு பறவை அதைப் போல இரண்டு மடங்கை ஒரே இரவில் உடம்பிலிருந்து எடுத்து வெளியே வைக்கிறது. தின்பதெல்லாம் உடம்பில் ஒட்டுவதில்லை, பாதிதான் ஒட்டும். ஆகவே முட்டையிடுகிற நாளில் அது சுமார் 4 கிராம் கால்சியம் தின்றாக வேண்டும்.

மதினி போட்ட தீனி என்ன? சோளம், கம்பு, அரிசிக் குருணை, மீந்த சோறு. ஒரு கோழி நாளைக்கு 100 கிராம் தின்னும். 100 கிராம் சோளத்தில் இருக்கிற கால்சியம் 25 மில்லி கிராம். கம்பில் 42. அரிசியில் 10. வேண்டியதோ 4,000! சோளத்தை மட்டுமே தின்று அந்தக் கடனை அடைக்க வேண்டுமானால் கோழி தினம் 16 கிலோ சோளம் தின்ன வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த மதினி, “அப்ப இத்தனை நாளா எங்கேருந்து மாமா ஓடு போட்டுது?” என்றாள்.

நல்ல கேள்வி. இதே கேள்வி 1799-ல் வோக்லான் என்ற பிரெஞ்சு ரசாயன நிபுணருக்கும் வந்திருக்கிறது. ஒரு கோழிக்கு ஓட்ஸ் தானியத்தை மட்டும் போட்டு, அது தின்றதில் எவ்வளவு சுண்ணாம்பு, முட்டையிலும் எச்சத்திலும் எவ்வளவு சுண்ணாம்பு என்று அளந்து பார்த்தார். உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகம்! கோழியின் உடம்பிலேயே சுண்ணாம்பு உற்பத்தியாகிறதோ என்று அவர் நினைக்க வேண்டியதாயிற்று. அப்படி ஒன்றும் உற்பத்தியாவதில்லை. எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. முட்டையிடும் பருவம் வந்ததும் பெண் பறவையின் கால், தொடை எலும்புகளுக்குள்ளே உள்ள குழாயில் விசேஷமாக இன்னொரு எலும்பு வளர்கிறது. சேமிப்பு உண்டியல் மாதிரி. இதை 1934-ல் கைஸ், பாட்டர் என்ற இருவர் முதலில் புறாவில் கண்டுபிடித்தார்கள். பகலில் தின்றதைக் கொண்டு அந்த உண்டியல் நிரம்பும். இரவில் ஓடு கட்டும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். (2005-ல் டைனோசர் எலும்பு ஒன்றுக்குள்ளும் இதைக் கண்டார்களாம். அவ்வளவு பழைய ஏற்பாடு!) உண்டியலில் போட ஒன்றும் இல்லையென்றால் என்ன ஆகும்? அசல் எலும்பிலேயே கை வைக்க வேண்டியதுதான். முதலில் ஓடு மெலியும், பிறகு தோல்முட்டை வரும், அதற்கும் பிறகு கால் விழும்.

வெள்ளைக்கோழி அன்று இரவே செத்துப் போயிற்று. காலையில் சித்தப்பா அதன் கால் எலும்பை இரு விரலால் அழுத்தினார். முருங்கைக் குச்சி மாதிரி படக்கென்று ஒடிந்தது. மதினி சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “கடைசி வரைக்கும் முட்டை போட்டுதே மாமா” என்றாள். இன்னொரு கோழியும் அப்போது தள்ளாடத் தொடங்கியிருந்தது.

மீதி ஏழுக்கும் செய்த வைத்தியம் மிகச் சுலபமானது. கோவில்பட்டியில் கோழித் தீவனக் கடையில் உடைத்த கிளிஞ்சல் விற்கிறார்கள். 60 கிலோமீட்டரில் தூத்துக்குடிக் கடலை வைத்துக்கொண்டு நமக்குச் சிப்பிக்குக் குறைவா? ஒரு கோழிக்கு நாளைக்கு 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் கோழிக்கு மாதம் இரண்டரை கிலோ போதும். வாங்கும்போது மாவாக இருப்பதை வாங்காதீர்கள். பாசிப்பயறு அளவுக்குத் துண்டுகளாக இருக்க வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு முட்டைக்கு ஓடு கட்டி முடிக்க 20 மணி நேரம் ஆகும். பெரும்பகுதி வேலை நடப்பது இரவில், கோழி உறங்கும்போது. மாவாக இருந்தால் சாயங்காலத்துக்குள் கரைந்து போய்விடும். துண்டாக இருந்தால், கோழியை அறுக்கும்போது கல்லும் மண்ணுமாய் ஒரு பை இருக்குமே, அந்தப் பைக்குள் தங்கி இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கொடுத்துக்கொண்டிருக்கும்.

தீனியோடு கலக்காமல் தனியாகச் சிரட்டையில் போட்டு வையுங்கள். முட்டையிடுகிற கோழி தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும், அதிலும் சாயங்காலம் தேடிப் போய் எடுக்கும். நான் உட்கார்ந்து கவனித்தேன். மாலை நாலரை மணிக்கு மேல் சோளத்தை விட்டுவிட்டுச் சிரட்டைக்குத்தான் வந்தன. யார் சொல்லிக் கொடுத்தார்களோ! சேவல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கிளிஞ்சல் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் வீட்டு முட்டை ஓட்டையே பயன்படுத்தலாம். ஓட்டைக் கழுவிக் கொதிநீரில் பத்து நிமிஷம் போட்டு, காய வைத்து, தோசைக்கல்லில் மொறுமொறுவென்று வறுத்து, துண்டு துண்டாக நொறுக்கிப் போடுங்கள். முழு ஓடாகப் போட்டால் முட்டையைக் கொத்திக் குடிக்கிற கெட்ட பழக்கம் வந்துவிடும், பிறகு அதை மறக்கடிப்பது பெரும் பாடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கிற கணவாய் ஓடும் நல்லதுதான், ஆனால் விலை கட்டாது.

இந்த இடத்தில் எதிர்வீட்டுப் பெரியம்மா ஒரு யோசனை சொன்னார்: “வெத்தலைக்குப் போடுத சுண்ணாம்பைக் கரைச்சு ஊத்தினா என்ன?” வேண்டவே வேண்டாம். சுக்காங்கல்லும் கிளிஞ்சலும் வேறு, அதைச் சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு வேறு. அது வாயையும் குடலையும் வேக வைத்துவிடும். தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சிலர் வைக்கிறார்கள். அதனால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் அதில் கரைந்திருப்பது லிட்டருக்கு ஒரு கிராம் கால்சியம்கூடத் தேறாது. கோழி குடிப்பதோ கால் லிட்டர். மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கிற தாது உப்புக் கலவையை அள்ளிப் போடுவதும் தப்பு. மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம் எல்லாம் கோழிக்கும் வேண்டியவைதான். மாங்கனீசு, துத்தநாகம் குறைந்தாலும் ஓடு மெலியும். ஆனால் அவை தேவைப்படுவது துளித்துளியாக. கால்சியத்துக்காக அந்தக் கலவையை அள்ளிப் போட்டால் மற்றவை எல்லாம் அளவு மீறிவிடும்.

வளர்கிற குஞ்சுகள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் 100-க்கு மூன்றரை முதல் நான்கு பங்கு கால்சியம் இருக்கும். குஞ்சுக்கு ஒரு பங்கு போதும். தாய்க்குப் போடுவதைக் குஞ்சும் நாளெல்லாம் தின்றால் அதன் சிறுநீரகம் கெட்டுவிடும். சிரட்டையைத் தாய்க்கோழியின் கழுத்து உயரத்துக்குக் கட்டிவிடுங்கள், தீர்ந்தது பிரச்சினை. அப்புறம், கிளிஞ்சல் போட்டால் மட்டும் போதாது, வெயிலும் வேண்டும். தின்ற கால்சியம் உடம்பில் ஒட்ட வைட்டமின் டி தேவை. அடைத்து வைக்கிற காலத்திலும் கொல்லையில் வலை கட்டி, காலை வெயிலில் விடச் சொன்னார் சித்தப்பா. அண்ணன் பழைய வலையை வைத்து அன்றைக்கே கட்டிக் கொடுத்துவிட்டார். வாரத்துக்கு இரண்டு தரம் உப்பில்லாக் கருவாட்டுத் தூளும் கொஞ்சம் போடுகிறாள் மதினி. தானியத்திலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி கோழிக்குச் செரிக்காது, கருவாட்டில் இருப்பது செரிக்கும். உப்புக் கருவாடு மட்டும் கூடாது. உப்பு மிஞ்சினால் கோழி தாங்காது.

தள்ளாடிய கோழியைத் தனியாகப் பஞ்சாரத்தில் வைத்து, பக்கத்திலேயே தண்ணீரும் தீனியும் கிளிஞ்சலும் எட்டும்படி வைத்தோம். ஆறாம் நாள் எழுந்து நின்றது. ஒரு வாரத்தில் தோல்முட்டை நின்றது. கறிக்கடைக்காரர் மறுபடி வந்தபோது மதினி, “இந்தப் பக்கமே வராதீரும்” என்று சொல்லி அனுப்பினாளாம்.

நான் முதலில் சொன்னேனே, பிள்ளை பெற்ற பெண்ணின் விஷயம் என்று. மதினியின் மூத்த மகள் தலைப்பிரசவம் முடிந்து அப்போது அங்கேதான் இருந்தாள். குழந்தைக்கு மூன்று மாதம். கோழிக்குக் கிளிஞ்சல் நொறுக்க உரல் தேடி உள்ளே போனபோது பரண் ஓரத்தில் ஒரு டப்பா கண்ணில் பட்டது. நிறைய மாத்திரைகள், அப்படியே இருந்தன. “என்னடி இது?” என்றேன்.

“ஆஸ்பத்திரியில குடுத்த கால்சியம் மாத்திரை அத்தை. தின்னா பிள்ளைக்கு மண்டை கெட்டியாயிரும், பிரசவம் கஷ்டம்னு அங்கே சொன்னாக. அதான் வச்சிட்டேன்.”

மண்டை கெட்டியாவது எல்லாம் கட்டுக்கதை. சாப்பாட்டிலாவது கால்சியம் போகிறதா என்று பார்த்தால், ‘பச்சை உடம்புக்காரி’ என்று கீரை கிடையாது, பால் கிடையாது, கேழ்வரகு கிடையாது. பூண்டுக் குழம்பும் சோறும்தான். அரிசியில் இருக்கிற கால்சியம் எவ்வளவு என்று இப்போதுதான் திண்ணையில் கணக்குப் போட்டோம்! குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாயின் உடம்பிலிருந்து தினம் 200 மில்லி கிராமுக்குக் குறையாமல் கால்சியம் பாலில் போகிறது. அந்த மாதங்களில் அவள் எலும்பின் அடர்த்தி 100-க்கு மூன்று முதல் ஐந்து வரை குறையும். பயப்பட வேண்டாம், குழந்தை பால் மறந்த பிறகு பெரும்பாலும் அது திரும்பி வந்துவிடும். ஆனால் திரும்பி வர, சாப்பாட்டில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? கோழிக்கு 60 கிலோமீட்டர் தூரத்துக் கடலிலிருந்து கிளிஞ்சல் வருகிறது, பெற்ற பெண்ணுக்குப் பக்கத்துக் கொல்லை முருங்கைக்கீரை வரக்கூடாதா என்று மதினியிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

பால் கொடுக்கிற பெண்ணுக்கு நாளைக்கு 1,200 மில்லி கிராம் கால்சியம் வேண்டும் என்பது 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்ன கணக்கு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 கிடைக்கும். கர்ப்பத்தின் பதினான்காம் வாரத்திலிருந்து பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை தினம் 500 மில்லி கிராம் மாத்திரை இரண்டு என்பது 2014-ல் மத்திய அரசு வகுத்த முறை. சாப்பாட்டோடு சேர்த்து, ஒவ்வொரு வேளைக்கு ஒன்றாகச் சாப்பிட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் விழுங்கக்கூடாது, ஒன்றை ஒன்று தடுத்துவிடும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எங்கள் பெண் மறுநாள் கிராம செவிலியரிடம் கேட்டுக்கொண்டு தொடங்கினாள். சிறுநீரகக் கல், வேறு மருந்து என்று ஏதாவது இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோழிக்கு வருவோம். கிளிஞ்சல் போட்டும் சித்திரை, வைகாசியில் ஓடு மெலிவதுண்டு. அதற்குக் கிளிஞ்சலைக் குறை சொல்லிப் பயனில்லை. கோழிக்கு வியர்ப்பதில்லை, வெயிலில் வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். இளைக்க இளைக்க ரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைந்துபோகும். ஓட்டிலுள்ள கார்பனேட் அதிலிருந்துதான் வர வேண்டும். தீனியும் குறைவாகத் தின்னும். அந்த மாதங்களில் தீனியைக் காலை ஆறு மணிக்குள்ளும் வெயில் தாழ்ந்த பிறகும் வையுங்கள். கூட்டின் மேல் ஓலை போட்டு நனையுங்கள். மெல்லிய ஓட்டு முட்டை கிடைத்தால் அன்றைக்கே நன்றாக வேக வைத்துச் சாப்பிட்டுவிடுங்கள், கீறல் வழியே கிருமி போய்விடும். ஓட்டின் நிறம் பழுப்பா வெள்ளையா என்பதில் சத்து வித்தியாசம் ஒன்றும் இல்லை, அது இனத்தைப் பொறுத்தது.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பல உப்புக் கரிக்கும். உப்புத் தண்ணீரும் ஓட்டைக் கெடுக்கும் என்றார் சித்தப்பா. தாமிரபரணித் தண்ணீர் வருகிற நாளில் கோழிக்கென்று ஒரு குடம் பிடித்து வைக்கச் சொன்னார். “மனுசருக்கே வாரத்துக்கு ஒரு நாள்தான் வருது, இதுல கோழிக்கா?” என்று எதிர்வீட்டுப் பெரியம்மா முகவாயில் கை வைத்தார். ஏழு கோழிக்கு நாளைக்கு இரண்டு லிட்டர் போதும், கோடையில் நாலு. மதினி சின்னதாக ஒரு மண்பானை வாங்கி, கூட்டுக்குப் பக்கத்தில் நிழலில் புதைத்து வைத்திருக்கிறாள்.